ஞாயிறுதோறும் தொட்டியைக் கழுவாதீர்கள்

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறோம். மகளின் பிறந்தநாளுக்கு 2 அடி நீள மீன் தொட்டி வாங்கினோம். அன்றைக்கே நான்கு கோல்டு ஃபிஷ், ஆறு நியான் டெட்ரா, ஒரு சக்கர் மீன், கொஞ்சம் செடிகள் எல்லாவற்றையும் விட்டோம். மூன்றாம் நாள் தண்ணீர் பால் போலக் கலங்கியது. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் முழுத் தண்ணீரையும் கொட்டி, கற்களையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் கழுவிவிட்டு, புதிதாக போர் தண்ணீர் நிரப்புகிறோம். ஒரு முறை கேன் தண்ணீர்கூட ஊற்றிப் பார்த்தோம். கடையில் நீல மருந்து கொடுத்தார்கள், அதையும் விட்டோம். ஒரு மாதத்தில் நியான் எல்லாம் போய்விட்டன. மிச்சம் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் சக்கரும்தான். அவையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செடிகளின் இலைகள் கரைந்து உதிர்கின்றன. என்ன தவறு செய்கிறோம்?

பதில்: நீங்கள் அக்கறையில்லாமல் இருந்ததால் மீன்கள் சாகவில்லை. வாராவாரம் இவ்வளவு பாடுபட்டுக் கழுவியதுதான் காரணம். உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. தொட்டி வாங்கும் பலர் இதே வழியில்தான் போகிறார்கள். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கும் கடைகளில் யாரும் இதை நிறுத்திச் சொல்வதில்லை.

மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் அம்மோனியா வெளிவருகிறது. மிஞ்சிப்போன உணவு அழுகினாலும் அம்மோனியாதான். நிற்கும் தண்ணீரில் அது சேர்ந்துகொண்டே போகும், செவுளை எரிக்கும். இதைத் தின்று தீர்க்க ஒருவகை பாக்டீரியா இருக்கிறது. அது அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடும். அப்புறம் இன்னொரு வகை பாக்டீரியா வந்து அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மிக அதிகமாகச் சேராதவரை மீனுக்குத் தொந்தரவு இல்லை, செடிக்கோ அது உரம்.

இந்த இரண்டு பாக்டீரியாவும் கடையிலிருந்து தொட்டியோடு வருவதில்லை. ஸ்பாஞ்சிலும் கற்களின் மேலும் மெல்லிய வழுவழுப்பாகப் படிந்து பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். தண்ணீரில் அவை மிதப்பது குறைவு, பரப்புகளில் ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் குழாயடியில் தேய்த்துக் கழுவி எடுத்த "அழுக்கு" அதுதான். அதனால் உங்கள் தொட்டிக்கு இந்த ஒரு மாதத்திலும் வயது ஒரு வாரத்தைத் தாண்டவே இல்லை. மூன்றாம் நாள் வந்த பால் நிறக் கலங்கல் வேறு வகை பாக்டீரியாவின் பெருக்கம். புதுத் தொட்டியில் அது சகஜம். உணவைக் குறைத்துவிட்டுச் சும்மா இருந்தால் சில நாட்களில் தானாகத் தெளிந்துவிடும்.

நீல மருந்து பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூவாக இருக்கும். நோயுற்ற மீனைத் தனிப் பாத்திரத்தில் வைத்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. செடியும் ஃபில்டரும் உள்ள தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடித்துவிடும், செடிக்கும் ஆகாது. இனி அதைத் தொட்டியில் விட வேண்டாம்.

போர் தண்ணீர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னைப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் கடினத்தன்மை மிகுந்தது, அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8-ஐ ஒட்டி நிற்பதும் உண்டு. அம்மோனியா எல்லா நேரமும் ஒரே அளவு விஷம் இல்லை. பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அதன் விஷ வடிவம் ஏறத்தாழ 10 மடங்கு கூடிவிடும். தண்ணீர் சூடேறினாலும் அது கூடும். வெப்பம் ஏறும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். உங்கள் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதற்கு இவையெல்லாம் சேர்ந்தே காரணம். அதற்காகக் கேன் தண்ணீருக்குப் போக வேண்டாம். ஆர்.ஓ. செய்த அந்தத் தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு, பி.எச். நிலையாக நிற்காது. ஒரு வாரம் கடினத் தண்ணீர், மறுவாரம் கேன் தண்ணீர் என்று திடீரென மாறுவது மீனுக்குத் தாங்காது. உங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்காமல் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே சுலபம். மெட்ரோ தண்ணீர் பயன்படுத்தினால் ஆன்டி-க்ளோரின் சொட்டு கட்டாயம். க்ளோரின் மீனின் செவுளையும் பாக்டீரியாவையும் ஒன்றாகத் தாக்கும்.

சரி, மீன் தேர்வுக்கு வருவோம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் கணக்குப்படி 56 லிட்டர். கல், செடி போக 45 முதல் 50 லிட்டர்தான் தண்ணீர். கோல்டு ஃபிஷ் அதில் வாழ வேண்டிய மீனே இல்லை. கடையில் விரல் நீளத்தில் இருக்கும். நன்றாக வளர்த்தால் அரை அடியைத் தாண்டும், 10 வருடத்துக்கு மேல் வாழும். கழிவும் மிக அதிகம், செடியையும் மேய்ந்துவிடும். நியான் டெட்ரா அமேசான் ஆற்றுப் படுகையின் மென்மையான, சற்றே அமிலத் தன்மையுள்ள தண்ணீரைச் சேர்ந்தது. உங்கள் போர் தண்ணீரில் அது திணறியதில் ஆச்சரியமில்லை. இரண்டு கோல்டு ஃபிஷ்ஷையும் பெரிய தொட்டியோ சிமென்ட் தொட்டியோ வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், அல்லது கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். மகளுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் அந்த மீன்களுக்கு அதுதான் நல்லது.

சக்கரையும் அப்படியே செய்யுங்கள். "தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று சொல்லி விற்பார்கள். அது ஓர் அடிக்கு மேல் வளரும் மீன், சுத்தம் செய்வதைவிடக் கழிவு போடுவதே அதிகம். எக்காரணம் கொண்டும் ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். இப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழக நீர்நிலைகளில் பெருகி, நம் நாட்டு மீன்களோடு உணவுக்குப் போட்டி போடுகின்றன, வலைகளையும் கிழிக்கின்றன.

உங்கள் தண்ணீருக்குக் கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் பொருந்தும். இவை கடினத் தண்ணீரை விரும்புபவை. கப்பியில் ஆண் மீன்களை மட்டும் வாங்குங்கள், இல்லாவிட்டால் சில மாதங்களில் தொட்டி நிரம்பிவிடும். ஜீப்ரா மீன் ஆறு சேர்த்து விட்டால் எப்போதும் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும், அது நம் நாட்டு ஆறுகளின் மீனும்கூட. சென்னையில் அலங்கார மீனுக்குப் பெயர்பெற்ற கொளத்தூருக்கு ஒரு நாள் போய்வாருங்கள். விற்பவரிடம் எந்தத் தண்ணீரில் வளர்ந்த மீன் என்று கேட்டு வாங்குங்கள். போர் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த கப்பி உங்கள் வீட்டில் சட்டென்று பழகிவிடும்.

செடியின் இலை கரைவதற்குத் தண்ணீர் மட்டும் காரணம் இல்லை. நீர்ச்செடிகள் பலவற்றைப் பண்ணையில் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலைகள் தண்ணீருக்குள் வேலை செய்யாது, உதிர்ந்து புது இலை வரும். இலங்கையைத் தாயகமாகக் கொண்ட க்ரிப்டோகோரைன் வென்டியை நட்ட முதல் வாரங்களில் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்றே தோன்றும். நானும் அப்படி நினைத்து ஒரு முறை பிடுங்கிப் போட்டிருக்கிறேன். வேர் கெட்டியாக இருந்தால் அசைக்காமல் விடுங்கள், அழுகிய இலையை மட்டும் நறுக்கி எடுங்கள். உங்களிடம் ஜாவா ஃபெர்னோ அனுபியாஸோ இருந்தால் அதன் தடித்த தண்டை மணலில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். நூலால் ஒரு கல்லிலோ கட்டையிலோ கட்டிவிடுங்கள்.

இப்போதைக்கு உங்களுக்கு மிகவும் உதவப்போவது வேகமாக வளரும் செடிகள். பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்கு வைக்கும் ஹைட்ரில்லாவே போதும். அம்மோனியாவை அது நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். குளத்திலிருந்து எடுத்தால் ஒரு வாரம் தனி வாளியில் போட்டுவையுங்கள். அதோடு தட்டானின் குஞ்சுகள் வந்துவிடும், அவை சிறு மீனைப் பிடித்துத் தின்பவை. விளக்கு நாளுக்கு 6 மணி நேரம் போதும். அதற்கு மேல் எரிந்தாலோ ஜன்னல் வெயில் பட்டாலோ பாசி பிடிக்கும்.

இருக்கும் மீன்களைக் கொடுத்து அனுப்பும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். ஏர் பம்ப் நிற்காமல் ஓடட்டும். பிறகு காலித் தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி வரும் அம்மோனியாவில் பாக்டீரியா பெருகும். ஆரோக்கியமான பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய ஸ்பாஞ்சிலிருந்து ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். காத்திருக்கும் நாள் பாதியாகக்கூடக் குறையலாம். இனி ஸ்பாஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோக வேண்டாம். மாதம் ஒரு முறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைத்தால் போதும். மீன் விட்ட பிறகு ஞாயிறு வேலை என்பது 10 முதல் 12 லிட்டர் எடுத்து அதே அளவு ஊற்றுவது, அவ்வளவுதான். உணவு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் சொட்டு வகைப் பரிசோதனைக் கிட் ஒன்று வாங்குங்கள். காகிதப் பட்டையைவிட அதன் அளவை நம்பலாம். இரண்டு நாளுக்கு ஒரு முறை மகளையே சொட்டு விட்டு நிறம் பார்த்து, தேதி போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முதலில் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஏற வேண்டும். நீங்கள் உணவு போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டும் ஒரு வாரம் பூஜ்யத்தில் நின்றால், அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஐந்து கப்பி வாங்குங்கள். அடுத்த ஐந்துக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.