சயாம் பாதைக்கு ஆள் அனுப்பிய கங்காணி

கேள்வி: என் தாத்தா இலங்கைக்கும் அவருடைய அண்ணன் மலாயாவுக்கும் தோட்ட வேலைக்குப் போனவர்கள். மலாயாவில் கங்காணியாயிருந்த (தொழிலாளரைத் திரட்டி மேற்பார்த்த) பெரிய தாத்தா, ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தாராம். நல்லவர் என்று பெயரெடுத்தவர் ஏன் அப்படிச் செய்தார்? இதைக் குடும்ப வரலாற்றில் எழுதலாமா? (வாசகர், தலவாக்கலை)

பதில்: தாராளமாக எழுதலாம். ஆனால் அவர் நல்லவரா, கெட்டவரா என்று தொடங்காமல், அவர் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். 1942இன் தொடக்கத்தில் வெள்ளைத் துரைமார் ஓடியோ சிறைப்பட்டோ போய், இரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசியும் அருகிப்போன தோட்டங்களில், யார் எந்த லயத்தில் இருக்கிறார், யார் குடும்பஸ்தர், யார் தனிக்கட்டை என்பதெல்லாம் கிராணிமாருக்கும் (கணக்கப்பிள்ளைகளுக்கும்) கங்காணிமாருக்குமே தெரியும். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் ரயில் பாதையை அவசரமாகப் போட நினைத்த ஜப்பானிய இராணுவம் 'இத்தனை பேர் வேண்டும்' என்றபோது, ஆள் திரட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பு வெள்ளைக்காரர் விட்டுப்போனபடியே அங்கு கிடந்தது. தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முதலில் வந்தது நல்ல கூலி என்ற வாக்குறுதி. அதைக் கங்காணியே நம்பியிருக்கலாம். போனவர்கள் திரும்பாததால் மற்றவர்கள் மறுக்கத் தொடங்கிய பிறகு, வற்புறுத்தலும் வழிமறித்துப் பிடிப்பதும் வந்தன. அப்போது பெயர் கொடுத்தவர் தம் மகனை விட்டு இன்னொருவர் மகனை எழுதியிருந்தால், அந்த ஒரு வரியில் பயமும் அரிசியும் பதவியும் பழைய பகையும் சேர்ந்தே இருந்திருக்கும். 1942 ஜூலையில், ஜெர்மனியர் பிடித்திருந்த பாரிஸில் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிடித்தவர்களும் பிரெஞ்சுப் பொலிஸாரே. அவர்களுக்கும் உதவியவை தாங்களே முன்னர் தயாரித்து வைத்திருந்த பெயர் அட்டைகள்தாம்.

வேறு வழியே இல்லாமல் சேர்ந்தவர்கள் என்ற ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். போலந்தின் திராவ்னிகியில் ஜெர்மனியர் பயிற்றுவித்த காவலர்களில் பலர் சோவியத் போர்க்கைதிகள். பட்டினியால் கும்பல் கும்பலாகச் செத்துக்கொண்டிருந்த முகாம்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். மறுத்தால் மீண்டும் அதே பட்டினிதான். அவர்களே பின்னர் ட்ரெப்ளிங்கா, சோபிபோர் என்ற யூதர் கொலை முகாம்களில் காவல் நின்றார்கள். அங்கிருந்து தப்பியோடியவர்களும் அவர்களில் உண்டு, கொல்லப்பட்டவர்களின் பணத்தில் குடித்தவர்களும் உண்டு. ஆகவே பட்டினி அவர்கள் சேர்ந்ததை விளக்குமே தவிர, சேர்ந்தபின் செய்த ஒவ்வொன்றையும் விளக்காது. உங்கள் பெரிய தாத்தாவை இந்த வகையில் சேர்க்க அவசரப்படாதீர்கள். கங்காணியின் அரிசிப் பானை தொழிலாளியின் பானையைவிடப் பிந்தித்தான் காலியாகும்.

இன்னொன்று, முக்கியமானது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அந்தப் பாதையில் வேலை வாங்கப்பட்டு இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறை இருக்கிறது; அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கோ 90,000 என்ற மதிப்பீடு மட்டுமே மிஞ்சியது. எண்பது ஆண்டுகளாகியும் முழுப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க எந்த அரசுக்கும் நேரம் கிடைக்கவில்லை. கடிதம் எழுதினால் 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்ற பதிலோடு காரியம் முடிந்துவிடுகிறது. இந்த ஓட்டையில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். ஜப்பானிடம் நட்டஈடு வாங்கித் தருகிறோம், பெயரைப் பதிவுசெய்ய முற்பணம் கட்டுங்கள் என்று வருபவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், அடையாள அட்டைப் பிரதியையும் கொடுக்காதீர்கள். இரசீது காட்டினாலும் நம்பாதீர்கள். இரசீதுப் புத்தகம் எந்த அச்சகத்திலும் அடிக்கலாம்.

மலேசிய உறவினரிடம் தோட்டத்தின் பெயரையும், ஆட்கள் அனுப்பப்பட்ட மாதத்தையும், போனவர்களின் பெயர்களையும் கேட்டு வாங்குங்கள். மாதம் முக்கியம்: முதல் தொகுதியை அனுப்பியவருக்குத் தெரிந்திருந்ததும், அவர்கள் திரும்பாததைக் கண்டபின் அனுப்பியவருக்குத் தெரிந்திருந்ததும் ஒன்றல்ல.