13 கொடுத்த வண்டி 10 கொடுக்கிறது: இன்ஜெக்டரில் கை வைக்கும் முன்

கேள்வி: வணக்கம் சார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறேன். சொந்த வண்டி, நானே ஓட்டுகிறேன். 2022-ல் எடுத்த 1.7 டன் டீசல் பிக்கப், 1,46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இப்போது மாதம் 5,000 கிலோமீட்டர் ஓட்டம். லோடோடு லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, நாலைந்து மாதமாக 10-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. கரும்புகை இல்லை. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. புல்லிங் மட்டும் லேசாகக் குறைந்த மாதிரி தெரிகிறது. சர்வீஸ் சென்டரில், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாலு இன்ஜெக்டரும் மாற்ற வேண்டும் என்று 68,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் டயர் மாற்றினேன், 215 சைஸுக்குப் பதில் அகலமான 235 போட்டேன். கோடையில் வண்டி சூடு ஏறியபோது ஒரு மெக்கானிக் வால்வைக் கழற்றி விட்டார், அதிலிருந்து சூடு பிரச்சினை இல்லை. இன்ஜெக்டர் மாற்றிவிடட்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு விஷயங்களை, கூடுதல் தகவல் மாதிரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மொத்தக் கடிதத்திலும் முக்கியமானவை அவைதான்.

மாதம் 5,000 கிலோமீட்டருக்கு 13 கொடுத்தால் 385 லிட்டர். 10 கொடுத்தால் 500 லிட்டர். 115 லிட்டர் அதிகம். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் 10,500 ரூபாய்க்கு மேல். ஒரு வண்டியை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு இது வீட்டு வாடகைக் காசு. அந்தப் பதற்றத்தில்தான் 68,000 ரூபாய்க்குத் தலையாட்டத் தோன்றுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் டயர். 215/75 ஆர்15 டயரின் விட்டம் கிட்டத்தட்ட 703 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 என்றால் 733. அதாவது 4 சதவீதத்துக்கு மேல் பெரியது. உங்கள் கிலோமீட்டர் மீட்டருக்கு டயர் மாறியது தெரியாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். எனவே வண்டி உண்மையில் 100 கிலோமீட்டர் போனால் மீட்டர் 96 என்றுதான் காட்டும். 13 கொடுக்கிற வண்டி 12.5 கொடுப்பதாகத் தெரியும். நீங்கள் இழந்ததாக நினைக்கும் 3 கிலோமீட்டரில் அரைக் கிலோமீட்டர் காணாமலே போகவில்லை. செல்போன் மேப்பில் தூரத்தை வைத்து, பழனியில் இருந்து பொள்ளாச்சி வரைக்கும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். புல்லிங் லேசாகக் குறைந்ததற்கும் இந்த டயருக்குப் பங்கு உண்டு. சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு கியரும் கொஞ்சம் கனத்துப்போகும். அகலமான டயர் ரோட்டில் உருள்வதற்கே கூடுதல் பலம் கேட்கும். அடுத்த முறை கம்பெனி சொன்ன சைஸுக்கே திரும்பிவிடுங்கள். லோடு தாங்குவது டயரின் அகலத்தில் இல்லை, அதன் மேல் அச்சடித்திருக்கிற லோடு எண்ணிலும் காற்றழுத்தத்திலும் இருக்கிறது.

இப்போது அந்த வால்வு. அவர் கழற்றியது தெர்மோஸ்டாட் வால்வாகத்தான் இருக்க வேண்டும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் சூடு ஏறுகிற வண்டிக்கு இதுதான் கைவைத்தியம், ஊர் ஊராகப் பார்த்துவிட்டேன். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இது எவ்வளவு நஷ்டம் என்பதை யாரும் சொல்வதில்லை. இன்ஜின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடிவைப்பதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் முதல் நிமிடத்தில் இருந்தே தண்ணீர் ரேடியேட்டர் வழியாக ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். சமவெளியில், அதிகாலைக் காற்றில், இன்ஜின் எப்போதுமே அரைச் சூட்டிலேயே ஓடும். அரைச் சூட்டில் இருக்கிற டீசல் இன்ஜினுக்கு ஆயில் கெட்டியாக இருக்கும், உள்ளே உராய்வு அதிகம். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டரும் கூடுதல் டீசலை விடும்.

உங்களுடையது பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. இந்த வண்டிகளில் சைலன்சர் பாதையில் கரித்துகளைப் பிடிக்கிற டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரி நிறைந்ததும் கூடுதல் டீசலைச் செலவழித்து, வடிகட்டியை ஏறக்குறைய 600 டிகிரிக்குச் சூடாக்கி, வண்டியே கரியை எரித்துவிடும். இது சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நடப்பது சகஜம். ஆனால் இன்ஜின் சூடேறாமல் ஓடினால் கரி அதிகம் சேரும், எரிப்பதும் பாதியில் நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறையும் டீசல் வீண். அதில் ஒரு பங்கு பிஸ்டன் ஓரமாக வழிந்து ஆயிலோடு கலக்கும்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், துணியில் துடைத்து முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், ஆயில் குறையவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். உள்ளே டீசல் இறங்கியிருக்கிறது. அன்றைக்கே ஆயில் மாற்றுங்கள். மாற்றும்போது வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடையே கேட்டு வாங்குங்கள். டிபிஎஃப் உள்ள இன்ஜினுக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஒத்துவரும். கரியை எரித்துவிடலாம், ஆயில் சாம்பலை எரிக்க முடியாது.

வண்டி ஓடி அரைமணி நேரம் கழித்தும் டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வராவிட்டால் என் சந்தேகம் உறுதி. புதிய தெர்மோஸ்டாட்டின் விலை இன்ஜெக்டர் எஸ்டிமேட்டுக்குப் பக்கத்திலேயே வராது. அதைப் போட்ட பிறகு மறுபடி சூடு ஏறினால், கோடையில் ஏறியதற்கான காரணம் அப்படியே இருக்கிறது என்று பொருள்: ரேடியேட்டர் துடுப்புகளில் அடைத்த மண்ணும் வைக்கோலும், ஃபேன் கிளட்ச், கூலண்டுக்குப் பதில் ஊற்றிய வெறும் தண்ணீர். அதைச் சரி செய்யுங்கள். வால்வைக் கழற்றாதீர்கள்.

இதைச் செய்யும்போதே மைலேஜை ஒழுங்காக அளக்க ஆரம்பியுங்கள். டேஷ்போர்டு காட்டுவதும், 1,000 ரூபாய்க்குப் போட்டு எவ்வளவு ஓடியது என்று பார்ப்பதும் கணக்கில்லை. ஒரே பங்க், ஒரே நாசில், சமமான தரை. தானாகக் கட் ஆகும்வரை நிரப்பி ரீடிங்கை எழுதுங்கள். 400 கிலோமீட்டர் ஓடியபின் அங்கேயே, அதே மாதிரி, முதல் கட் வரை நிரப்புங்கள். கூடவே லோடு எத்தனை டன், எந்தப் பாதை என்றும் குறியுங்கள். இப்படி மூன்று முறை. தக்காளி சீசனில் 1.7 டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றிக்கொண்டு, கம்பிக் கூண்டுக்கு மேல் தார்ப்பாய் படபடக்க 80-ல் போனதும், முருங்கைக்காய் ஏற்றி 60-ல் போனதும் ஒரே கணக்கில் வராது. 60-ல் இருந்து 80-க்குப் போனால் எதிர்க்காற்றின் இழுவை கிட்டத்தட்ட 1.8 மடங்கு.

அடுத்து, காசு செலவில்லாத ஒரு சோதனை. என் மச்சானும் இப்படித்தான் மைலேஜ் போச்சு, மைலேஜ் போச்சு என்று புலம்பிக்கொண்டிருந்தார். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போ போய்விட்டது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்லி, அவர் பணம் புரட்டிக்கொண்டிருந்த சமயம். தாராபுரம் ரோட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். இறங்கி வண்டியைச் சுற்றி நடந்தபோது பின்பக்க வலது சக்கரத்துக்கு அருகில் மட்டும் பிரேக் லைனர் கருகும் வாடை. டம்ளரில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் பிரேக் டிரம்மின் மேல் தெளித்தேன், சுர்ரென்று ஆவியானது. மற்ற மூன்றில் ஈரம் அப்படியே நின்றது. ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து, விட்டபிறகும் முழுசாகத் திரும்பாமல் இருந்திருக்கிறது. மாதக்கணக்கில் அவர் ஒரு சக்கரத்தைப் பிடித்தபடியே ஓட்டியிருக்கிறார். கேபிளும் லைனரும் மாற்றியதோடு முடிந்தது, டர்போவில் யாரும் கை வைக்கவில்லை.

நீங்களும் பிரேக் அதிகம் போடாத பாதையில் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு சக்கரத்தையும் ஒப்பிடுங்கள். கையால் தொடாதீர்கள், புறங்கையைக் கிட்டே கொண்டுபோனாலே சூடு தெரியும். பிறகு ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிப் பாருங்கள். காற்றழுத்தத்தைக் காலையில், டயர் சூடாகும் முன், கதவோரம் ஒட்டியிருக்கிற அட்டவணைப்படி பிடியுங்கள். டயரை மாற்றியவர்கள் வீல் அலைன்மெண்ட் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் கிலோமீட்டர் கணக்குப்படி மாற்றியிருந்தால் விட்டுவிடலாம். டர்போவில் இருந்து, காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது உஸ் என்று சத்தமும் வரும்.

இவ்வளவுக்கும் பிறகு இன்ஜெக்டர். கெட்டுப்போன இன்ஜெக்டர் பெரும்பாலும் சும்மா இருக்காது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும், ஐடிலில் இன்ஜின் நடுங்கும், டக்டக் என்று தட்டும், புகை விடும். உங்கள் வண்டியில் இதில் ஒன்றுமே இல்லை. சர்வீஸ் சென்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரிட்டர்ன் டெஸ்ட் எடுத்தீர்களா?" நாலு இன்ஜெக்டரிலும் ரிட்டர்ன் லைனைக் கழற்றி, நாலு பாட்டிலில் டீசலைப் பிடித்து, எதில் அதிகம் நிறைகிறது என்று பார்ப்பதுதான் அந்த டெஸ்ட். ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் அளவில் எவ்வளவு திருத்தம் போகிறது என்றும் பார்க்கலாம். இரண்டையும் செய்யாமல் எஸ்டிமேட் போட்டிருந்தால் அது ஊகம்தான், உங்கள் 68,000 ரூபாயை வைத்து ஆடுகிற ஊகம். டெஸ்டில் ஒன்று கெட்டிருந்தாலும் கழற்றி, டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கிற டீசல் பம்ப் கடையில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். புதிதாகப் போடும் இன்ஜெக்டரின் குறியீட்டு எண்ணை வண்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

கேள்வி: பங்கில் அளவு குறைகிறது என்று சந்தேகம். கேட்டால் சண்டைக்கு வருவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள். ஒவ்வொரு பங்கிலும் அரசு முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுக் குவளை இருக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் அதில் 5 லிட்டர் பிடித்துக் காட்டச் சொல்லலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் தவறு. தரத்தில் சந்தேகம் இருந்தால் அடர்த்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் பதிவேட்டில் எழுதியதற்கும், உங்கள் முன் அளந்து 15 டிகிரிக்கு மாற்றிய அளவுக்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. வடிகட்டித் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிற சோதனை பெட்ரோலுக்கானது, டீசலுக்கு உதவாது. அளவு குறைந்தால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம்.

கேள்வி: டீசல் லைனில் மாட்டுகிற காந்தம், 20 சதவீதம் மைலேஜ் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா? டிபிஎஃப்பை எடுத்துவிட்டால் நல்லது என்றும் ஒருவர் சொன்னார்.

பதில்: காந்தத்தை வாங்காதீர்கள், அதனால் ஒரு சொட்டும் மிச்சமாகாது. டிபிஎஃப்பை எடுப்பது சட்டப்படி தவறு. வாரண்டி போகும், புகைச் சோதனையிலும் எஃப்சியிலும் மாட்டுவீர்கள், ஊர்க் குழந்தைகள் அந்தக் கரியைச் சுவாசிப்பார்கள்.

கேள்வி: தேவையில்லாமல் பாகங்களை மாற்றிப் பணம் வாங்கிவிட்டார்கள். மைலேஜ் கூடவே இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், வாடகை வண்டி வணிக நோக்கம், வழக்கு நிற்காது என்கிறார்கள். உண்மையா?

பதில்: முழு உண்மை இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தை விலக்குகிறது, ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியதை வணிக நோக்கம் என்று கொள்ளக்கூடாது என்றும் அதிலேயே சொல்கிறது. இதே விளக்கத்தை உச்ச நீதிமன்றம் 1995-லேயே, கோவை பிஎஸ்ஜி நிறுவனம் சம்பந்தப்பட்ட லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரு வண்டி வைத்து நீங்களே ஓட்டிக் குடும்பத்தை நடத்துகிறீர்கள் என்றால் நீங்கள் நுகர்வோர்தான். பத்து வண்டி விட்டு ஆள் வைத்து ஓட்டுகிறவர் கதை வேறு.

புகாரில் முதல் பத்தியிலேயே இதை எழுதிவிடுங்கள்: ஒரே வண்டி, நானே ஓட்டுகிறேன், வேறு வருமானம் இல்லை. நீங்கள் குடியிருக்கிற மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஜாப் கார்டு, பில், வேலைக்கு முன்னும் பின்னும் டேங்க் ஃபுல் செய்து அளந்த கணக்கு எல்லாம் வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி, துடைக்காமல் அப்படியே ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். அவை கெட்டுப்போகவில்லை என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.