மெயின் லைன் ஜாயிண்டில் கசிவு: கேள்வி பதில்

கேள்வி: தண்ணீர் மீட்டரைத் தாண்டியதும் இருக்கும் கேட் வால்வு (மெயின் லைனை மூடித் திறக்கும் வால்வு) பக்கம் எப்போதும் ஈரம். எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை சார்.

பதில்: ரென்ச்சை எடுக்காதீர்கள், துணியை எடுங்கள். அந்தப் பகுதி முழுவதையும் துடைத்துவிட்டு, காய்ந்த டிஷ்யூ பேப்பரை மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஜாயிண்டிலும் ஒற்றிப் பாருங்கள். தண்ணீர் சொட்டும் இடம் வேறு, கிளம்பும் இடம் வேறு. முதலில் நனைவது எதுவோ அதுதான் ஆள். பைப் முழுக்க ஒரே சீராக வியர்த்திருந்தால் கசிவே இல்லை, காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த குழாயில் படிகிறது. வால்வுத் தண்டைச் சுற்றிக் கசிந்தால், கைப்பிடிக்குக் கீழே தண்டைச் சுற்றி இருக்கும் கிளாண்ட் நட்டைக் கொஞ்சம், கால் சுற்றுக்குள், முறுக்குங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் உள்ளே தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பேக்கிங் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

கேள்வி: ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) எல்போவை, அதாவது வளைவு இணைப்பை, கழற்றி டெஃப்லான் டேப் சுற்றித்தான் மாட்டினேன். மறுபடியும் கசிகிறதே?

பதில்: மூன்று இடத்தில் தவறியிருக்கலாம். ஒன்று, பழைய டேப், துரு, பெயிண்ட் எல்லாம் மரையில் அப்படியே இருந்திருக்கும். கம்பி பிரஷால் மரைப் பள்ளம் தெரியும்வரை தேயுங்கள். இரண்டு, சுற்றிய திசை. மரையின் முனை உங்களைப் பார்த்தபடி பிடித்து, கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். மெல்லிய டேப் என்றால் ஐந்தாறு சுற்று, மரை வடிவம் தெரியும்படி இழுத்துச் சுற்றுங்கள். நுனியில் முதல் மரையை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பிசிறு தண்ணீரோடு போய்க் குழாயை அடைக்கும். மூன்றாவதுதான் பலர் செய்வது: எல்போ நேராக நிற்கவில்லையே என்று இறுக்கிய பிறகு கொஞ்சம் பின்னால் திருப்புவது. திருப்பினால் அந்த டேப் அவ்வளவுதான். கழற்றிப் புதிதாகச் சுற்றுங்கள்.

கேள்வி: பிவிசி எஃப்டிஏவில் (உள்ளே மரை உள்ள பிளாஸ்டிக் இணைப்பு) பித்தளை நிப்பிளை (இரு முனையிலும் வெளிமரை உள்ள குட்டைக் குழாய்) மாட்டியிருக்கிறோம். எவ்வளவு இறுக்கினாலும் துளித்துளியாக வருகிறது.

பதில்: நிறுத்துங்கள்! பிளாஸ்டிக்கின் உள்மரைக்குள் உலோகம் ஏறும்போது ஆப்பு மாதிரி பிளாஸ்டிக்கை விரிக்கும். முடி இழை போல விரிசல் ஏற்கெனவே விழுந்திருக்கலாம், டார்ச் அடித்துப் பாருங்கள். விழுந்திருந்தால் டேப்பால் ஒன்றும் ஆகாது. வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே பித்தளை மரை வைத்த எஃப்டிஏ போடுங்கள்.

கேள்வி: ஒட்டிய பிளாஸ்டிக் ஜாயிண்ட் கசிகிறது. மேலேயே சால்வெண்ட் (குழாய் ஒட்டும் பசை) தடவலாமா?

பதில்: கூடாது. வெட்டிப் புதிதாகத்தான் ஒட்ட வேண்டும். சிபிவிசிக்கு (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) அதற்கான சால்வெண்ட், பிவிசிக்கு அதன் சால்வெண்ட். டப்பாவில் போட்ட நேரம் முடியும்வரை தண்ணீர் விடாதீர்கள்.

கேள்வி: வால்வை முழுக்க மூடியும் நூல் போல வந்துகொண்டே இருக்கிறது. எப்படி வேலை பார்ப்பது?

பதில்: பழைய கேட் வால்வில் இது சகஜம். அடித்து மூடப் பார்க்காதீர்கள், தண்டு முறிந்தால் வீடு குளம்தான். தண்ணீர் வழங்குபவரிடம் சொல்லி மீட்டருக்கு முன்னால் அடைக்கச் சொல்லுங்கள். மீட்டர் வரை பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு, அங்கே நாம் கை வைக்கக் கூடாது. அடைத்த கையோடு அந்த வால்வையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் முடித்தாகிவிட்டது. சரியாயிற்றா என்று எப்படித் தெரியும்?

பதில்: வால்வை மெதுவாகத் திறந்து, குழாய்களில் காற்று போனதும் அந்தக் குழாய்களை எல்லாம் மூடுங்கள், வால்வு திறந்தே இருக்கட்டும். தொட்டிக்குப் போகும் வழியும் மூடியிருக்கட்டும். மீட்டரின் சின்னச் சக்கரம் அரை மணி நேரம் அசையாமல் நின்றால் சரி. அசைந்தால் மறுபடியும் டிஷ்யூ பேப்பர்.