நெட் போனால் ஓடுமா? (நுகர்வோர் கேள்வி-பதில்)

கேள்வி: தினமும் யாராவது ஒரு புது ஆப்பைப் பற்றிச் சொல்கிறார்கள். எதை நம்பி இறக்குவது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ரீல்ஸில் பார்த்த சூட்டோடு எதையும் இறக்காதீர்கள். பிளே ஸ்டோரில் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளை விட்டுவிட்டு, ஒன்றும் இரண்டும் கொடுத்தவர்கள் சமீபத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு பத்துப் பேருடையதைப் படியுங்கள். கேட்காமல் பணம் பிடித்த கதை, அப்டேட்டுக்குப் பிறகு நின்றுபோன கதை எல்லாம் அங்கேதான் கிடக்கும். டார்ச் லைட் ஆப் உங்கள் காண்டாக்ட்ஸைக் கேட்டால் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள்.

நல்லது ஒன்றையும் சொல்கிறேன். 'பி மை ஐஸ்' என்று ஒரு ஆப், 2015-ல் டென்மார்க்கில் தொடங்கியது. பார்வை இல்லாதவர் போன் கேமராவை ஒரு பொருளுக்கு நேரே பிடித்தால், எங்கோ இருக்கும் தன்னார்வலர் பார்த்துச் சொல்வார். இலவசம். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, காலாவதித் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வீட்டில் தேவைப்படுகிறவர் இருந்தால் இன்றே போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: கீசருக்கு ஸ்மார்ட் பிளக் மாட்டினேன். இருபது நாளில் உருகிவிட்டது. கம்பெனி மாற்றித் தர மறுக்கிறது. வழக்குப் போடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் பிளக்கின் முதுகில் 10 ஆம்பியர் என்று இருக்கிறது. கீசர் 3,000 வாட். 3,000-ஐ நம் வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். பிளக்கிலும் எழுதியிருக்கிறது, கீசரிலும் எழுதியிருக்கிறது. நீங்கள் இரண்டையும் படிக்கவில்லை. வழக்கு நிற்காது. குளியலறை தீப்பிடிக்காமல் தப்பியதே பெரிது. 'கீசருக்கு ஏற்றது' என்று சொல்லி விற்றிருந்தால் மட்டும் விஷயம் வேறு. அப்படிச் சொன்ன விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இனி வாங்குவதானால் 16 ஆம்பியர். அதற்கும் முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 1 டிபி மெமரி கார்டு 399 ரூபாய். வாங்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். அந்த விலைக்கு உள்ளே இருப்பது அதில் சின்னப் பங்குதான். போன் மட்டும் 1 டிபி என்று காட்டும். இடம் நிறைந்ததும் படங்கள் அழியத் தொடங்கும்.

கேள்வி: ஊரில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள 2021-ல் 3,200 ரூபாய்க்கு வைஃபை கேமரா மாட்டினேன். போன மாதத்திலிருந்து ஆப் திறக்கவில்லை. கம்பெனி எண்ணில் போனை எடுக்க ஆளில்லை. கேமராவில் ஒரு பழுதும் இல்லை. என்ன செய்வது? (வாசகி, சென்னை)

பதில்: உங்கள் கேமரா கெடவில்லை. அதுதான் இதில் கொடுமை. உங்கள் போனுக்கும் கேமராவுக்கும் நடுவில் கம்பெனியின் சர்வர், அதாவது நெட்டில் இருக்கும் அவர்கள் கணினி, நின்று கதவு திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. அந்த சர்வரை நிறுத்திவிட்டால், நல்ல கேமராவும் சுவரில் வெறுமனே தொங்கும்.

இதே அடி எனக்கும் விழுந்திருக்கிறது. வாசலுக்கு 6,500 ரூபாய் கொடுத்து வைஃபை காலிங் பெல் வாங்கினேன். எந்த ஊரில் இருந்தாலும் வந்தவர் முகத்தைப் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு வருடம் பார்த்தேன். ஒருநாள் காலையில் பால்காரர் பட்டனை அழுத்துகிறார், அழுத்துகிறார், நீல விளக்கு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்குள் மணி அடிக்கவில்லை. வாசலில் அழுத்தினால் கூடத்தில் அடிப்பதற்குக்கூட அது எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்க வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவில்லை. பெட்டியிலும் இல்லை. கம்பெனிக்கு நான் போட்ட நான்கு மெயிலுக்கும் பதில் வரவில்லை. இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் வீட்டு விளக்கு, பூட்டு போன்றவற்றைப் போனிலிருந்து இயக்கும் 'ரிவால்வ்' என்ற கருவி 300 டாலருக்கு விற்றது. 2014-ல் கூகுள் குடும்பத்து நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது; 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. 2022 ஏப்ரலில் இதே மாதிரிக் கருவிகள் விற்ற 'இன்ஸ்டியான்' கம்பெனி வாடிக்கையாளர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சர்வரை அணைத்தது. அதைப் பயன்படுத்தியவர்களில் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கி மறுபடி ஓடவைத்தார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லும், சட்டையில் குத்திக்கொள்ளும் 'ஹ்யூமேன் ஏஐ பின்' கருவி 699 டாலர். விற்பனைக்கு வந்து ஒரு வருடம் முடிவதற்குள், 2025 பிப்ரவரி 28-ம் தேதியோடு நின்றது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. நெட்டில் இணையும் பொருளை விற்பவர், அதற்கு எதுவரை பாதுகாப்பு அப்டேட் கொடுப்பார் என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நம்மூரில் பிஸ்கட் பாக்கெட்டில்கூடத் தேதி இருக்கிறது. 3,200 ரூபாய் கேமராவின் பெட்டியிலும் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் 'இந்தத் தேதிவரை ஆப் ஓடும்' என்று அச்சிட்டே ஆக வேண்டும். சட்டம் வரும்வரை இதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இனி உங்கள் காரியம். பெட்டியிலோ கையேட்டிலோ 'ஆன்விஃப்' (ONVIF) அல்லது 'ஆர்டிஎஸ்பி' (RTSP) என்று இருக்கிறதா என்று பாருங்கள்; வேறு கம்பெனிக் கருவியோடும் கேமரா பேச உதவும் பொது முறைகள் இவை. இருந்தால் கேமராவைத் தூக்கிப் போட வேண்டாம்; சிசிடிவி மாட்டுகிறவரை அழைத்து ஒரு ரெக்கார்டரோடு இணைத்தால் சென்னையிலிருந்தே மறுபடி அம்மாவைப் பார்க்கலாம். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அடுத்த கேமராவைக் கடையிலேயே இணைத்துக் காட்டச் சொல்லி, ரவுட்டரிலிருந்து நெட் ஒயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் அதே வைஃபையில் இருக்கும் போனில் படம் தெரிந்தால் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: வைஃபை பல்பு எத்தனை தரம் முயன்றாலும் கனெக்ட் ஆகவில்லை. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இந்த பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். உங்கள் போன் '5ஜி' என்று முடியும் வைஃபை பெயரில் இணைந்திருக்கும்; அது 5 கிகாஹெர்ட்ஸ். மற்றப் பெயருக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: உடற்பயிற்சி ஆப் ஏழு நாள் இலவசம் என்றது. மூன்றாம் நாளே அழித்துவிட்டேன். எட்டாம் நாள் 2,499 ரூபாய் போய்விட்டது. (வாசகர், ஈரோடு)

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. இதை எத்தனை முறை எழுதுவது? பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போய் ரத்து செய்யுங்கள். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் பாருங்கள். பணம் போய் 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் பிளே ஸ்டோரிலேயே ரீஃபண்ட் கேளுங்கள். ரத்து செய்யும் பட்டனை ஆப் ஒளித்து வைத்திருந்தால் அது அவர்கள் குற்றம்: ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் சந்தாப் பொறியும் ஒன்று. அதைச் சொல்லி 1915-ல் புகார் கொடுங்கள்.

கேள்வி: அம்மாவின் வாட்ஸ்அப்புக்குச் சொந்தக்காரர் எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. திறந்தார். அன்று இரவே மூன்று தடவையாக 48,000 ரூபாய் போய்விட்டது. அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை. (வாசகர், கும்பகோணம்)

பதில்: முதலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு அவர் மேல் இல்லை என்று சொல்லுங்கள். பத்திரிகை வந்தால் எந்த வீட்டுக் கல்யாணம் என்று திறந்து பார்ப்பதுதான் நம் வழக்கம். திருடன் குறிவைத்தது அந்த வழக்கத்தை. கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்திருக்கும். அது பத்திரிகை அல்ல, ஆப். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு ஓடிபி-யைத் திருடும். சொந்தக்காரர் போனிலும் அது நுழைந்திருக்கும், அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

போனில் நெட்டை அணையுங்கள். வேறு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகருமுன் முடக்க வாய்ப்பு இருக்கிறது, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வங்கியில் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். நீங்கள் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை சுற்றறிக்கையிலேயே அப்படிச் சொல்லிவிட்டது. அதனால் வாய்வார்த்தையோடு விடாமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். போனை முழுதாக ரீசெட் செய்யும் முன் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். அந்த மனுவை எழுத நான் உதவுகிறேன். வங்கிக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள்.