ஐம்பது இருக்கை விமானம் – கடிதம்

ஐயா,

என் மகள் விமானிப் பயிற்சியை முடித்துவிட்டாள். ஐம்பது பேர் அமரும் சிறிய ஜெட்டில் துணை விமானி வேலை கிடைத்திருக்கிறது. எனக்குத்தான் வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அந்த மாதிரி விமானத்தில் ஒருமுறை போயிருக்கிறேன். தலை இடித்தது, வழியெல்லாம் தூக்கிப் போட்டது. பெரிய விமானம் கிடைக்காதவர்கள்தானே இதை ஓட்டுகிறார்கள்? ஓட்டுபவர்களுக்கு இது எப்படி இருக்கும்? எத்தனை வருடத்தில் அவள் பெரிய விமானத்துக்குப் போகலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளுக்கு என் வாழ்த்து. நீங்கள் சொல்லாமல் விட்டதையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தூக்கிப் போடுவதை விடுங்கள். எடை குறைந்த விமானம் காற்றில் கொஞ்சம் கூடுதலாக ஆடும், அவ்வளவுதான். முன்னால் இருப்பவர்கள் தோளோடு சேர்த்து வார் கட்டிக்கொண்டு தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். உங்கள் தலை இடித்ததற்கும் விமானிக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் ‘கிடைக்காதவர்கள்தானே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். இதைப் பற்றி நானே கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் நண்பர் ஒருவர் சிஆர்ஜே-200 ஓட்டியவர். பம்பார்டியர் நிறுவனம் சேலஞ்சர் என்ற தன்னுடைய தனியார் ஜெட்டை நீட்டி உருவாக்கிய ஐம்பது இருக்கை விமானம் அது. அந்த வரிசையின் முதல் விமானம் 1992-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. தரையிறங்குவது எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். பெரிய ஜெட்டுகளில் வேண்டிய வேகத்தைப் பதிந்துவிட்டால் எஞ்சின் விசையை ஆட்டோ த்ராட்டில் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இதில் அது கிடையாது. ஆட்டோ பைலட் உண்டு, ஆனால் விசைக்கு எப்போதும் மனிதக் கைதான். அவர் வலது இருக்கைக்காரர், ஆகவே இடது கை. பேசப் பேச அந்தக் கை மேசைமேல் இல்லாத ஒரு நெம்புகோலைப் பிடித்து அரை அங்குலம் முன்னால், கால் அங்குலம் பின்னால் என்று நகர்ந்துகொண்டே இருந்தது. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற மடலை இறக்கினால் இழுவை கூடும், கை முன்னால் போகும். எதிர்க்காற்று சட்டென்று ஓய்ந்தால் வேகம் விழும், மறுபடியும் கை போகும். எஞ்சினும் சொன்ன உடனே கேட்டுவிடாது. “வேகம் இறங்குறதைப் பார்த்துட்டுத் தள்ளினா லேட்டு” என்றார்.

அப்புறம் மூக்கு. பெரும்பாலான பயணிகள் ஜெட்டுகளில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஸ்லாட் என்ற பட்டை வெளியே நீளும். மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாக இறங்க அது உதவும். சிஆர்ஜே-200-ல் ஸ்லாட்டும் இல்லை. அதனால் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, கொஞ்சம் கூடுதல் வேகத்தில்தான் வரவேண்டும். கண்ணாடி முழுக்க ஓடுபாதை தெரியும். தரை நெருங்கும் கடைசி நொடிகளில் மூக்கைத் தூக்க வேண்டும். முன்னாலேயே தூக்கினால் விமானம் மிதந்துகொண்டே போகும், தாமதித்தால் முன்சக்கரம் முதலில் போய் அடிக்கும்.

இது ஒரு நாளில் நாலு தடவை, ஐந்து தடவை. இரண்டு விமானிகளும் மாற்றி மாற்றிச் செய்வார்கள். 90 நாளில் மூன்று ஏற்றம், மூன்று இறக்கமாவது செய்திருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கண்டம் விட்டுக் கண்டம் போகும் விமானிகளில் சிலர் அந்தக் கணக்கை நேர்செய்யவே சிமுலேட்டருக்குப் போகிறார்கள். உங்கள் மகள் இரண்டே நாளில் அதை முடித்துவிடுவாள். இவளா கிடைக்காதவள்?

இவ்வளவு கைவேலை உள்ள ஓர் இடத்தைப் பயணிகள், நிறுவனங்கள், கடைசியில் விமானிகளே கூடக் காத்திருப்பு அறையாக நினைப்பதுதான் எனக்குக் கோபம். 2004 அக்டோபர் 14 இரவு, அமெரிக்காவில் பின்னக்கிள் ஏர்லைன்ஸின் சிஆர்ஜே-200 ஒன்று பயணிகள் இல்லாமல் லிட்டில் ராக்கிலிருந்து மினியாபொலிஸுக்குப் போனது. உள்ளே இரண்டு விமானிகள் மட்டும். இந்த விமானம் மேலேறுவதே பூமி உருண்டையாக இருப்பதால்தான் என்று அதை ஓட்டுபவர்களே கேலி செய்வார்கள், எஞ்சின் வலு அப்படி. அதன் உச்ச வரம்பு 41,000 அடி. அதைத் தொட்டவர்கள் என்ற பெருமைப்பேச்சு விமானிகளுக்குள் இருந்தது விசாரணையில் வெளிவந்தது. இவர்களும் தொட்டுப் பார்க்க ஏறினார்கள். இந்த வீதத்தில் ஏறு என்று ஆட்டோ பைலட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். அது வீதத்தைக் காப்பாற்ற வேகத்தைத் தின்றது. மேலே போனதும் விமானம் ஸ்டால் ஆனது, அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கும் வலுவை இழந்தது, இரண்டு எஞ்சினும் அணைந்தன, திரும்ப உயிர்ப்பிக்க முடியவில்லை. ஜெஃபர்சன் சிட்டிக்குப் பக்கத்தில் விழுந்து இருவரும் இறந்தார்கள். தொழில்நெறிக்குப் பொருந்தாத நடத்தை என்று விசாரணை அறிக்கை சொன்னது. சரி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விமானத்தைக் கடந்துபோக வேண்டிய படியாக மட்டுமே பார்க்கப் பழக்கிவிட்டு, அதனிடம் மரியாதையாக நடந்துகொள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் ஏர் விமானம் ஜெட் அல்ல, டர்போப்ராப் என்ற விசிறி வைத்த விமானம். ஆனாலும் அதே உலகம்தான். டிக்கெட்டில் காண்டினென்டல் என்ற பெரிய பெயர், ஓட்டியது சிறிய நிறுவனம். துணை விமானி முந்தின இரவெல்லாம் நாட்டின் மறுகோடியிலிருந்து விமானம் மாறி மாறி வேலைக்கு வந்து சேர்ந்தவர். வேகம் குறைந்துகொண்டே வந்ததை இருவருமே கவனிக்கவில்லை. 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் வேண்டும் என்ற விதி 2013-ல் வந்தது, ஓய்வு விதிகளையும் மாற்றி எழுதினார்கள்.

எத்தனை வருடம் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நீங்களும் அதை அவளிடம் கேட்காதீர்கள். ஃபோனில் பேசும்போது முந்தின ராத்திரி தூங்கினாளா என்று கேளுங்கள். எந்த விமான நிலையத்திலிருந்து வேலையோ அதற்குப் பக்கத்திலேயே வீடு பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பச் சம்பளத்தில் வாடகை கட்டாது என்பாள். முதல் வருட வாடகையை நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்