எண்பத்தெட்டாவது கோயிலுக்குப் பிறகு: ஷிக்கொக்கு யாத்திரையிலிருந்து வீடு திரும்புவோருக்கு

கேள்வி: ஜப்பானில் நகோயாவுக்கு அருகே பொறியாளராகப் பணிபுரிகிறேன். நீண்ட விடுப்பு எடுத்து, ஷிக்கொக்குத் தீவின் 88 பௌத்தக் கோயில்களையும் 51 நாட்களில் நடந்தே சுற்றி, நவம்பர் நடுவில் கடைசிக் கோயிலான ஒகுபோஜியில் முடித்தேன். வீடு திரும்பி மூன்று வாரமாகியும் மனம் இங்கே பொருந்தவில்லை. அலுவலகத்தில் உட்கார முடியவில்லை, இரவில் தூக்கம் வரவில்லை, வீட்டில் எரிந்து விழுகிறேன் என்கிறார் மனைவி, வேலையை விட்டுவிட்டு மறுபடியும் நடக்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது. நடைக்கோலை ஒகுபோஜியில் விட்டுவரலாம் என்றார்கள். மனம் வராமல் கொண்டுவந்துவிட்டேன். நான் உடுத்திய வெள்ளை அங்கி பிணத்துக்கு உடுத்தும் உடை என்று அலுவலக நண்பர் சொன்னதிலிருந்து, ஜனவரியில் ஊரிலிருந்து வரவிருக்கும் அம்மாவின் கண்ணில் அது படக்கூடாதே என்று மனைவி தவிக்கிறார். கோயில்தோறும் முத்திரை வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கம் மட்டும் ஏனோ வெறுமையாக இருக்கிறது. சபரிமலைக்குப் போய் வந்தால் மாலை கழற்ற ஒரு முறை உண்டு. இங்கே அப்படி ஏதும் இல்லையா?

பதில்: உண்டு. நீங்கள் அதை இன்னும் செய்யவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பட்டது. ஒகுபோஜியில் முடிவது வேண்டுதல். அதைக் கெச்சிகான் என்பார்கள். அதன் பிறகு ஒரேமாயிரி, அதாவது நன்றி சொல்லும் வழிபாடு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் நோக்கியோச்சோவின், அந்த முத்திரைப் புத்தகத்தின், முதல் பக்கம் வெறுமையாக இருப்பது அச்சுப் பிழையன்று. பெரும்பாலான புத்தகங்களில் அந்தப் பக்கத்தை ஷிக்கொக்குக்கு வெளியே இருக்கும் கோயா மலையின் ஒகுனோயின் என்ற புனிதத் தலத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்கள். யாத்திரை யாருடைய பெயரால் நடக்கிறதோ அந்தக் கூகாய், கோபோ தாய்ஷி என்று மக்கள் வணங்கும் துறவி, 774இல் ஷிக்கொக்கில் பிறந்து, 835இல் அந்த மலையில் தியானத்தில் அமர்ந்தார். அவர் மறையவில்லை, இன்றும் அங்கே தியானத்திலேயே இருக்கிறார் என்பது ஷிங்கோன் பௌத்தர்களின் நம்பிக்கை. உங்கள் தொப்பியில் எழுதியிருந்த ‘தோகியோ நினின்’, இருவராய்ச் சேர்ந்து நடக்கிறோம், என்ற சொல்லில் வரும் அந்த இரண்டாமவர் அவரே. ஐம்பத்தொரு நாள் உடன் நடந்தவரிடம் போய் வருகிறேன் என்று சொல்லாமலே ரயில் ஏறிவிட்டீர்கள். மனம் இன்னும் வழியிலேயே நிற்பதில் எனக்கு வியப்பில்லை.

ஒகுபோஜியிலிருந்து முதல் கோயிலான ரியோசென்ஜிக்கே திரும்ப வந்து வட்டத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும் என்று சிலர் உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும். அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடை. செய்தால் நல்லது, கட்டாயமில்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால் கோயாவைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். நகோயாவிலிருந்து ஒசாகா போய், நம்பா நிலையத்தில் நன்காய் ரயில் பிடித்தால், மலையடிவாரத்தில் கேபிள் கார் காத்திருக்கும். ஒரே நாளில் போய்த் திரும்பவும் முடியும், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். கோயாவில் 50க்கும் மேற்பட்ட கோயில்கள் தங்க இடமும் சைவ உணவும் தருகின்றன. ஓர் இரவாவது தங்குங்கள், டிசம்பர் என்பதால் கம்பளி உடையை மறவாதீர்கள். இச்சினோஹாஷி பாலத்திலிருந்து ஒகுனோயினுக்குச் செல்லும் இரண்டு கிலோமீட்டர்ப் பாதையில், வானுயர்ந்த மரங்களுக்கு நடுவே, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைக் கற்கள் பாசி படிந்து நிற்கும். கடைசிப் பாலத்தைத் தாண்டினால் படம் எடுக்கக்கூடாது, தொப்பியைக் கழற்ற வேண்டும். தினமும் காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும் கூகாய்க்கு உணவு எடுத்துச் செல்கிறார்கள். வெள்ளை மரப்பெட்டியைத் துறவிகள் இருவர் தோளில் சுமந்து அந்தப் பாலத்தைக் கடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு முத்திரை வாங்குங்கள். இன்னொன்றையும் சொல்ல ஆசையாக இருக்கிறது: ஷிங்கோன் மரபு வணங்கும் எட்டு குருமார்களில் ஒருவரான வச்சிரபோதி தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியாகச் சீனம் சென்றவர் என்றே மரபு கூறுகிறது. கூகாய் அந்த வரிசையில் எட்டாமவர். நீங்கள் அங்கே முற்றிலும் அந்நியர் அல்லர்.

நடைக்கோல் விஷயத்தில் நீங்கள் தவறேதும் செய்யவில்லை. ஒகுபோஜியில் கோலைக் காணிக்கையாக விட்டுவர வசதி இருக்கிறது, விட்டவற்றைப் பின்னர் அக்னி வளர்த்து அதில் சேர்த்துவிடுகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவருவோரும் அதே அளவுக்கு ஏராளம். கோலே தாய்ஷியின் உருவம் என்பதால், வழியில் விடுதிக்குப் போனதும் உங்கள் காலைக் கழுவும் முன் கோலின் அடியைக் கழுவியிருப்பீர்கள். அந்த மரியாதையை இப்போதும் தொடர வேண்டும். வாசலில் குடை வைக்கும் தொட்டியில், செருப்புகளுக்கு நடுவே அது நிற்குமானால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் மண்ணை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, பூஜை அலமாரிக்கு அருகிலோ, கால் படாத ஒரு மூலையிலோ நிறுத்துங்கள். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தேய்ந்த அந்த அடிமுனை மென்ற வேப்பங்குச்சி போல நாராய்ப் பிரிந்திருக்கும். அதைக் கத்தியால் சீவக்கூடாது. பிசிறு மிகவும் நீண்டிருந்தால் கல்லில் தேய்த்துச் சரிசெய்வதே வழக்கம்.

வெள்ளை அங்கியைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது பொய்யன்று, பாதி உண்மை. வழியில் விழுந்து இறந்தால் அங்கேயே அடக்கம் செய்யலாம் என்று எழுதிய சீட்டோடு யாத்திரிகர்கள் நடந்த காலம் ஒன்று இருந்தது. அங்கி சவத்துணியாகவும், கோல் கல்லறையின் அடையாளமாகவும் பயன்பட்டன. கோலின் தலைப்பைச் சுற்றிய துணியை அவிழ்த்துப் பாருங்கள், ஸ்தூபியைப் போன்ற வெட்டுகள் தெரியும். ஆனால் உயிரோடு திரும்பியவரின் அங்கியும் முத்திரைப் புத்தகமும் ஜப்பானிய வீடுகளில் குடும்பத்தின் காப்பாகப் பத்திரப்படுத்தப்படுகின்றன. பல ஆண்டுகள் கழித்து அந்த மனிதர் இறக்கும்போதுதான் அவை பெட்டியில் அவரோடு வைக்கப்படும். உங்கள் தாயாரிடம் இதை மறைக்க வேண்டாம். காசிக்குப் போனவர்கள் கொண்டுவரும் கங்கைத் தீர்த்தச் செம்பு எதற்காக நம் வீட்டுப் பூஜை அறைகளில் வாய் அடைத்தபடி ஆண்டுக்கணக்கில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கடைசி மூச்சில் வாயில் விடுவதற்குத்தான், அதை யாரும் அமங்கலம் என்பதில்லை. ‘அம்மா, இது அந்தச் செம்பு மாதிரி’ என்று நீங்கள் சொன்னால் போதும் என்று நம்புகிறேன். மனைவியிடமும் அதையே சொல்லுங்கள். அங்கியைக் கதவில் தொங்கவிடாமல், நடந்தபோது உடுத்தியதைத் துவைத்து மடித்து, முத்திரை வாங்கிய வேறொன்று இருந்தால் அதைத் துவைக்காமல், சுத்தமான துணியில் சுற்றி வையுங்கள்.

புத்தகத்துக்கு இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். பக்கங்களுக்கு இடையே வைத்த ஒற்றுத்தாளை இன்னும் சில மாதங்களுக்கு எடுக்காதீர்கள், சிவப்பு முத்திரை மையில் எண்ணெய் இருப்பதால் எதிர்ப்பக்கத்தில் படியும். பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் ஜூன் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், துணிப்பையும் ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் போதும்.

இனி உங்கள் மனநிலைக்கு வருகிறேன். இதை நம்பிக்கை குலைந்ததாக நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு கோயிலிலும் மூலவர் மண்டபத்திலும் தாய்ஷி மண்டபத்திலுமாக இருமுறை இதய சூத்திரம் ஓதினீர்கள், ஆக 176 முறை. நாளொன்றுக்குச் சராசரியாக 23 கிலோமீட்டர் நடந்தீர்கள், அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை வழிக்கல் சொன்னது, முகம் தெரியாதவர்கள் ஒசெத்தாய், அதாவது யாத்திரிகருக்குத் தரும் காணிக்கை, என்று ஆரஞ்சுப் பழத்தையும் தேநீரையும் கையில் திணித்தார்கள். இத்தனையும் ஒரே நாளில் நின்றுபோனால் உடலும் மனமும் தடுமாறாமல் என்ன செய்யும்? ஒஷிக்கொக்குப்யோ, ‘ஷிக்கொக்கு நோய்’, என்று அங்குள்ளோர் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். திரும்பியவரை மறுபடி மறுபடி இழுக்கும் ஏக்கம் அது. அதற்கு நான் சொல்வது, நின்றதில் கொஞ்சத்தை வீட்டில் தொடருங்கள் என்பதே. காலையில் குளித்ததும் ஒருமுறை சூத்திரம், மூன்று நான்கு நிமிடம்தான். அலுவலகத்துக்கு இரண்டு ரயில் நிலையம் முன்னதாகவே இறங்கி நடை. நடையை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரத்துக்கு வாரம் குறைத்தால் தூக்கமும் சீராகும். பசி மட்டும் பழைய அளவிலேயே சில வாரம் இருக்கும், அதைப் பார்த்து உண்ணுங்கள். பாதத்தில் ஒரே இடத்தில், அழுத்தினால் சுளீரென்று வலித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், கீறல் இருக்கலாம். தூக்கமின்மையும் சோர்வும் குறையாமல் இன்னும் இரண்டு வாரத்துக்கு நீடித்தால், இதை யாத்திரையின் பின்விளைவு என்று தள்ளிவிடாமல் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி.

எரிந்து விழுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். யாத்திரிகர் கைக்கொள்ளும் பத்து நல்லொழுக்கங்களில் நான்கு வாயைப் பற்றியவை: பொய் சொல்லாமை, அலங்காரப் பேச்சு பேசாமை, கடுஞ்சொல் சொல்லாமை, இரட்டை நாக்கு இல்லாமை. பேச ஆளில்லாத மலைப்பாதையில் இந்த நான்கையும் காப்பது எளிது, எனக்கும் அங்கே எளிதாகத்தான் இருந்தது. முதல் சுற்று முடித்துத் திரும்பிய வாரத்திலேயே, குழாய் ஒழுகுவதை மூன்று முறை சொன்னதற்காக மனைவி மீது கத்தினேன். ஐம்பத்தொரு நாள் வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டவர் உங்கள் மனைவி. உங்கள் வழியில் ஒசெத்தாய் தந்தவர்களின் பட்டியலை எழுதினால் முதல் பெயர் அவருடையதாக இருக்க வேண்டும். கோயாவுக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

அந்தக் காலத்தில் நெடும் யாத்திரையிலிருந்து திரும்புவோரை ஊர் எல்லையிலேயே உற்றாரும் அயலாரும் எதிர்கொண்டு, சோறும் சாராயமும் வைத்து அழைத்துவருவார்கள். சகாமுகாயே என்று அதற்குப் பெயர். யாத்திரிகராகப் போனவரை மறுபடி ஊராராக ஏற்கும் விருந்து அது, நீங்கள் கேட்ட மாலை கழற்றுதலுக்கு மிக அருகில் வருவது இதுதான். நகரத்து வீட்டுக்குத் திரும்பிய உங்களுக்கு அது கிடைக்கவில்லை. கோயாவிலிருந்து வந்த வாரத்தின் இறுதியில் நான்கைந்து நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள், சமையலை நீங்களே செய்யுங்கள். உங்கள் வேலையைப் பகிர்ந்துகொண்ட சக ஊழியர்களும் அதில் இருக்கட்டும்.

வேலையை விடும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவைக்குமாறு உறுதியாகவே சொல்கிறேன். ஷிக்கொக்குப் பாதையில் 200க்கும் மேற்பட்ட வழிக்கற்களை நட்ட நகத்சுகாசா மோஹே 22 வயதில் ஊரை விட்டுப் புறப்பட்டு, 1922இல் இறக்கும்வரை 280 சுற்று வந்தார். வீடு திரும்பவே இல்லை. அவரை நான் வணங்குகிறேன். ஆனால் மனைவியும், விமானத்தில் வரவிருக்கும் தாயும் உள்ள ஒருவருக்கு அந்த வழியை என்னால் பரிந்துரைக்க முடியாது. வேலையில் இருக்கும் ஜப்பானியர் பலர் பகுதி பகுதியாகவே சுற்றை முடிக்கிறார்கள். ஓர் ஆண்டு தொக்குஷிமாவின் 23 கோயில்கள், மறு ஆண்டு கொச்சியின் 16 என்று நான்கு மாகாணங்களையும் நான்கு ஆண்டில் முடிப்பதற்கு இக்கோக்கு மாயிரி என்றே பெயர். இதே புத்தகத்தைக் கொண்டுபோகலாம். பழைய எழுத்தின் மேலேயே புதிய முத்திரையை இடுவார்கள், பக்கம் சிவந்துகொண்டே போகும். மே மாத விடுமுறையில் பத்து நாள் கிடைத்தால் முதல் பத்துக் கோயில்களையாவது மனைவியோடு நடந்து பாருங்கள், பெரும்பாலும் சமவெளிதான்.

கோயா போகும் முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்களைத் தங்கவைத்தவர்கள், முகவரி எழுதிக் கொடுத்தவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். புத்தாண்டு வாழ்த்து அட்டையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், நன்றிக் கடிதம் தனியாக, அதற்கு முன்பே போக வேண்டும். பெறுபவர் முதியவர் என்றால் கணினியில் அடிக்காமல் கையால், எழுத்துகளைப் பெரிதாக, வரிக்கு வரி இடம் விட்டு எழுதுங்கள், உங்கள் ஜப்பானிய மொழி பிழையாக இருந்தால் இருக்கட்டும். எந்தத் தேதியில் வந்தீர்கள், என்ன உண்ணக் கொடுத்தார்கள், நல்லபடியாக எந்த நாள் ஒகுபோஜி சேர்ந்தீர்கள் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். வழியில் உணவோ பணமோ தந்து உங்களை அனுப்பி வைத்தவர்கள், நீங்கள் போய்ச் சேர்ந்தீர்களா என்பதை அறியக் காத்திருப்பார்கள்.