உப்புக் கரைசலுக்கு எக்ஸெல் கோடு போதாதா?

கேள்வி: சாதா உப்புக் கரைசலின் நீர்ச் செயல்பாட்டை (கரைசல் மேலுள்ள நீராவி அழுத்தம் தூய நீரின் மேலுள்ளதில் எத்தனை பங்கு என்பதை) 25 டிகிரியில், 0.1 முதல் 5 மோலால் (ஒரு கிலோ நீருக்கு இத்தனை மோல் உப்பு) வரை அளந்திருக்கிறேன். எக்ஸெல்லில் நான்காம் படிக் கோவை போட்டால் ஆர்-ஸ்கொயர் (கோடு தரவோடு எவ்வளவு ஒட்டுகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.9999 வருகிறது. கைடு என்னவோ உப்புக் கரைசல்களுக்கென்றே உள்ள பிட்சர் சமன்பாடுதான் வேண்டும் என்கிறார். ஏன் இந்தப் பிடிவாதம்?
- ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: கைடு சொல்வதுதான் சரி. தூய நீரில் 1, ஐந்து மோலாலில் சுமார் 0.807 என்று சாதுவாக இறங்கும் எண்ணுக்கு எந்தக் கோட்டைப் போட்டாலும் ஒட்டத்தான் செய்யும். அதே தரவைச் சவ்வூடுபரவல் குணகமாக (நீர்ச் செயல்பாட்டின் இறக்கம், லட்சியக் கரைசலில் எதிர்பார்ப்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்ற விகிதமாக) மாற்றி வரையுங்கள், சாயம் வெளுத்துவிடும். 0.1 மோலாலில் நீர்ச் செயல்பாடு 0.9966, அதாவது உப்பு போட்டதால் குறைந்தது வெறும் 0.0034. அளவீடு 0.0001 பிசகினாலே குணகத்தில் 3 சதவீதம் போச்சு. 5 மோலாலில் அதே பிசகுக்கு 0.06 சதவீதம்தான். பனிநிலையை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை) வைத்து அளக்கும் நல்ல மீட்டருக்கே 0.003 வரை பிழை வரும் என்பார்கள். உங்களுடையது அந்த ரகம் என்றால் 0.1 புள்ளியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மற்றப் புள்ளிகளுக்கும் ஒரே எடை கொடுக்காதீர்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். நீரை அளந்துவிட்டு உப்பின் செயல்பாட்டுக் குணகத்தை (உப்பு லட்சிய நடத்தையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற எண்ணை) கணக்கிட, நீரின் மாற்றத்தையும் உப்பின் மாற்றத்தையும் இணைக்கும் கிப்ஸ்-டூயம் தொடர்பு வேண்டும், அந்தத் தொகையீடு பூஜ்யச் செறிவிலிருந்து தொடங்குகிறது, அதாவது உங்களால் சரியாக அளக்கவே முடியாத இடத்திலிருந்து! அந்த இடத்தில் அயனிகளின் நடத்தை செறிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று டெபையும் ஹக்கலும் 1923-லேயே காட்டிவிட்டார்கள். உங்கள் கோவையில் வர்க்கமூலமே கிடையாது. 1973-ல் பிட்சர் அதை அப்படியே வைத்துக்கொண்டு, அயனிகள் நெருங்கும்போது வரும் விளைவுகளுக்குச் சில உறுப்புகளைச் சேர்த்தார். 25 டிகிரியில் சாதா உப்புக்கு 0.0765, 0.2664, 0.00127 என்ற மூன்றே எண்கள் 6 மோலால் வரை தாங்குகின்றன. உப்பின் குணகம் 0.1 மோலாலில் 0.778, ஒன்றில் 0.657 என இறங்கி, ஆறில் மறுபடி 0.986-க்கு ஏறுவது அதிலிருந்தே வந்துவிடும். உங்கள் தரவில் வரும் எண்கள் இவற்றுக்குப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: இதே எண்களை 80 டிகிரிக்கும் போடலாமா? மெக்னீசியம் சல்பேட்டுக்கும் மூன்று போதுமா?
- அதே மாணவி

பதில்: இரண்டுக்கும் கூடாது. எண்கள் வெப்பநிலையோடு எப்படி மாறும் என்பதைச் சொல்வது நீர்த்தல் வெப்பமும் (கரைசலில் நீர் சேர்க்கும்போது வெளிவரும் அல்லது உறிஞ்சப்படும் வெப்பம்) வெப்பக்கொள்ளளவும். அழுத்தத்தோடு மாறுவதை அடர்த்தி சொல்லும். எல்லாம் கரைசலின் ஒரே கிப்ஸ் ஆற்றலின் (வேலை செய்யக் கிடைக்கும் ஆற்றல்) வகைக்கெழுக்கள் என்பதால் பழைய கட்டுரைகளில் கிடைக்கும் கலோரிமீட்டர் தரவையும் சேர்த்து ஒரே மூச்சில் பொருத்தலாம், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத தரவு அப்போதே பல்லிளிக்கும். மெக்னீசியம் சல்பேட்டில் இரட்டை மின்னூட்ட அயனிகள் நீர்த்த கரைசலிலேயே ஜோடி சேருவதால் நான்காவதாக ஓர் உறுப்பு தேவை. அதற்கு 0.1 மோலாலுக்குக் கீழேயும் நல்ல புள்ளிகள் வேண்டும், மீட்டரை நம்பி இறங்காதீர்கள். உறைநிலைத் தாழ்வுத் தரவு (உப்பு கரைவதால் நீர் உறையும் வெப்பநிலை எவ்வளவு இறங்குகிறது என்பது) தேடுங்கள்.